பழைய பெட்ரோலும் பழைய விளக்கங்களும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கணக்கற்ற மோட்டார் சைக்கிள்கள் வாசலிலும் மாடிப்படியின் அடியிலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. சில மாதங்கள் கழித்து அவற்றை உதைத்துப் பார்த்தவர்களுள் பலருக்கு வண்டி கிளம்பவில்லை. கிளம்பியவற்றுள்ளும் சில, கைப்பிடியைத் தளர்த்தியதும் அணைந்துபோயின. "பெட்ரோல் பழசாகிவிட்டது" என்னும் தீர்ப்பு அப்போது ஊரெங்கும் ஒலித்தது. அதையொட்டி விளக்கங்களும் அறிவுரைகளும் பெருகின. நாளிதழ்களின் வாகனப் பகுதிகள், வண்டியோடு தரப்படும் கையேடுகள், பட்டறைப் பேச்சு, படக்காட்சிகளாகப் பரவும் செய்முறைகள் என்று இவை பல வடிவில் கிடைக்கின்றன. வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வருவோரும், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும் இன்றும் இவற்றைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

இந்த விளக்கங்களை ஒருசேர எடுத்துவைத்து, அறிவியல் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அறிவுரைகளுள் பாதிக்கு மேல் நல்லவை, பயன் தரக்கூடியவை. ஆனால் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் தவறானவை. காரணம் தவறாக இருந்தால் என்ன, வண்டி கிளம்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வண்டியின் அமைப்பும் பெட்ரோலின் சேர்க்கையும் கடந்த சில ஆண்டுகளில் மாறிவிட்டன. காரணம் தெரியாத அறிவுரை, பொருள் மாறியதும் தடுமாறுகிறது. சில வேளைகளில் ஆபத்திலும் கொண்டுபோய் விடுகிறது.

"பவர்" போய்விட்டதா?

முதலில் பட்டறைப் பேச்சை எடுத்துக்கொள்வோம். "நாளாக நாளாகப் பெட்ரோலில் பவர் போய்விடும்" என்பது அங்கே அடிக்கடி கேட்கும் வாசகம். திறந்து வைத்த பெருங்காயம் மணம் இழப்பதுபோல, பெட்ரோலும் தன் சத்தை இழக்கிறது என்பது இதன் கருத்து. நாளிதழ்க் குறிப்புகளும் இதையே சற்று நாகரிகமான சொற்களில் எழுதுகின்றன.

இந்தக் கருத்து பெட்ரோலை ஒரே பொருளாகக் கருதுவதிலிருந்து பிறக்கிறது. அதற்குப் பட்டறைக்காரர்களைக் குறை கூறிப் பயனில்லை. நம் பாடநூல்களே எரிதல் சமன்பாட்டுக் கணக்குகளில் பெட்ரோல் என்றால் ஆக்டேன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆக்டேன் ஒரு தனிச் சேர்மம். அதற்கு ஒரே கொதிநிலை உண்டு. ஒரு குடுவையில் பாதி ஆக்டேன் ஆவியாகிப் போனால், மீதிப் பாதி முன்பிருந்த அதே ஆக்டேன்தான். அப்படிப்பட்ட பொருளுக்குப் பழசாதல் என்பதே பெரும்பாலும் பொருளற்றது. இந்தப் பாடத்தைப் படித்த மாணவனுக்குப் பழைய பெட்ரோல் ஏன் மாறுபடுகிறது என்பது எந்நாளும் விளங்காது.

உண்மையில் பெட்ரோல் என்பது சில நூறு ஹைட்ரோகார்பன்களின் கூட்டம். ஐசோபென்டேன் 28° செ. வெப்பநிலையில் கொதிக்கும்; நம் ஊர் நடுப்பகலில் அது கொதிநிலையிலேயே இருக்கிறது எனலாம். ஹெக்சேனுக்கு 69°, டொலுயீனுக்கு 111°, சைலீன்களுக்கு 140° அளவில், டெக்கேனுக்கு 174°. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவை 200° செ. வரை காத்திருக்கும். திறப்புள்ள ஒரு கலத்தில் இந்தக் கூட்டத்தை வைத்தால் எல்லாரும் ஒரே வேகத்தில் வெளியேற மாட்டார்கள். இலேசானவர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். மீதி நிற்பது கனமானவர்களின் கூட்டம். அளவு குறைகிறது என்பதைவிடச் சேர்க்கை மாறுகிறது என்பதே முக்கியம்.

இப்போது "சத்து" என்ன ஆகிறது என்று பாருங்கள். எரியும்போது ஒரு லிட்டர் பென்டேன் தருவது ஏறத்தாழ 28 மெகாஜூல் வெப்பம். ஐசோஆக்டேன் 31 மெகாஜூல் அளவுக்குத் தருகிறது. டொலுயீனோ 35 மெகாஜூல் தருகிறது. ஆகவே இலேசானவை போய்க் கனமானவை மிஞ்சிய பழைய பெட்ரோலில், லிட்டருக்கு லிட்டர் கணக்கிட்டால் வெப்பம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது! சத்து போய்விட்டது என்னும் விளக்கம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது? பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. எடைக் கணக்கில் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழு எரிதலுக்குத் தேவையான விகிதம். குளிர்ந்த எஞ்சினுக்குள் செல்லும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குதான் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளக்கின் பொறி சந்திப்பது 45 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு ஆவி. இந்தக் கலவை பற்றாது. சோக்கை இழுப்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக்கி, ஆவியின் பங்கை எரியும் எல்லைக்குள் கொண்டுவருவதற்காகத்தான். குளிர்ந்த எஞ்சினில் முதல் பொறிக்கு ஆவி தருவன அந்த இலேசான ஹைட்ரோகார்பன்களே. அவை போய்விட்டால் சோக்கை இழுத்தும் பயனின்றிக் கிக்கரை உதைத்துக் கால் வலிக்கும். ஒருமுறை கிளம்பி எஞ்சின் சூடேறிவிட்டால், அதே பெட்ரோல் நன்றாகவே ஓட்டும். பட்டறைக்காரர் இதை நாள்தோறும் கண்ணால் காண்கிறார். "பவர் போய்விட்டது" என்ற தம் சொல்லுக்கு இது எதிர்ச்சான்று என்பதுதான் அவருக்குப் படுவதில்லை.

பக்கத்திலேயே இன்னொரு மயக்கமும் உண்டு. பழைய பெட்ரோலில் ஆக்டேன் எண் விழுந்துவிடும். எனவே விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆக்டேன் எண் என்பது வெப்பத்தின் அளவும் அன்று, புதுமையின் அளவும் அன்று. அமுக்கத்தில் தானாக வெடித்து இடிக்காமல் தாங்கும் தன்மையின் அளவு அது. 1920களில் கிரகாம் எட்கர் என்னும் அமெரிக்க வேதியியலார் இதற்கு அளவுகோல் வகுத்தபோது, எளிதில் இடிக்கும் ஹெப்டேனுக்குச் சுழியும், இடிக்காத ஐசோஆக்டேனுக்கு 100ம் கொடுத்தார். (கலிபோர்னியாவில் வளரும் ஒருவகைப் பைன் மரத்தின் பிசினை வடித்தால் ஏறத்தாழத் தூய ஹெப்டேன் கிடைக்கும். இதை அறியாமல் சாதாரணப் பைன் பிசின் என எண்ணிக் காய்ச்சியவர்கள் தீ விபத்துக்கு ஆளானதுண்டு. மரம் பெட்ரோலைச் சுரப்பது போன்ற விந்தை!) பெட்ரோல் பழசாகும்போது இலேசானவை சில போவதால் எண் சிறிது இறங்கலாம்; ஆனால் டொலுயீன் போன்ற உயர் எண்ணுடையவை உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகவே புதிய பெட்ரோல் கலந்ததும் வண்டி கிளம்புகிறது என்றால், அது புதியதின் ஆக்டேன் எண்ணால் அன்று. அது கொண்டுவந்த இலேசான ஹைட்ரோகார்பன்களால். சாதாரணப் பெட்ரோலே அந்த வேலையைச் செய்யும்.

குற்றம் தொட்டியிலா, கிண்ணத்திலா?

பெரும்பாலான கட்டுரைகளின் பார்வை முழுவதும் பெட்ரோல் தொட்டியின் மேலேயே இருக்கிறது. தொட்டியில் எத்தனை லிட்டர் இருந்தது, எத்தனை மாதம் இருந்தது என்று கணக்குக் கேட்கிறார்கள். கார்புரேட்டர் உள்ள வண்டியைப் பொறுத்தவரை இது தவறான இடத்தில் தேடுவதாகும். இங்கே பட்டறைக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அவர் தொட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்.

கார்புரேட்டரின் அடியில் மிதவைக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் நிற்பது சில பத்து மில்லி லிட்டர் பெட்ரோல். கணக்குக்கு 30 மி.லி. எனக் கொள்வோம். காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள். தொட்டியில் பல லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு சிறு திறப்பு. இங்கோ இரண்டு மேசைக்கரண்டிப் பெட்ரோலுக்கு ஒரு திறப்பு. தொட்டியில் உள்ளது இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போதே கிண்ணம் வற்றிவிடும்.

வற்றினால் என்ன, புதிதாக நிரம்பிக்கொள்ளாதா? நிரம்பும். பெட்ரோல் குழாயின் திருகைத் திறந்தே விட்டிருந்தால், வற்ற வற்ற மிதவை இறங்கி, தொட்டியிலிருந்து புதிதாகப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். அதுதான் கேடு. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தைப் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பாத்தியில் நீர் வற்ற வற்ற மீண்டும் நீர் பாய்ச்சுகிறார்கள். நீர் போகிறது, உப்பு தங்குகிறது. மிதவைக் கிண்ணமும் ஒரு பாத்தி. இங்கே தங்குவது உப்பு அன்று, பிசின்.

பிசின் எங்கிருந்து வந்தது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கனமான மூலக்கூறுகளைப் பிளந்து பெட்ரோல் ஆக்கும்போது இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பெராக்சைடுகளாகி, பின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஆளி விதை எண்ணெய் பூசிய பலகையில் எண்ணெய் காய்ந்து படலமாக இறுகுவதை ஒத்த நிகழ்ச்சி இது. செம்பு இதை விரைவுபடுத்தும். இதைத் தாமதப்படுத்தவே ஆலையில் ஆக்சிகரணத் தடுப்பான்களைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பெட்ரோல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை ஆலையில் மாதக் கணக்கில் காத்திருந்து பார்க்க இயலாதல்லவா? ஆகவே 100° செ. வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் ஏழு மடங்கு அழுத்தமுள்ள ஆக்சிஜனில் அடைத்து, எத்தனை நிமிடம் தாக்குப் பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். ஐரோப்பியத் தர அளவு குறைந்தது 360 நிமிடம் கேட்கிறது.

ஆலையிலிருந்து வரும் நல்ல பெட்ரோலிலும் பிசின் அறவே இல்லை என்று கூற முடியாது. அதே தர அளவு 100 மி.லி.க்கு 5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மேல்வரம்பையே எடுத்துக்கொண்டால், கிண்ணத்தின் 30 மி.லி. ஒருமுறை வற்றினால் மிஞ்சுவது 1.5 மில்லிகிராம். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஜெட் என்னும் நுண்துளையைப் பாருங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சிறு ஜெட்டின் துளை 0.4 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. நீளமும் உடையது என்று கொண்டால், அதன் கொள்ளளவு கால் கன மில்லி மீட்டர். பிசின் நீரைப்போல் அடர்த்தியுள்ளது எனக் கொண்டால் 1.5 மில்லிகிராம் என்பது ஒன்றரைக் கன மில்லி மீட்டர். ஆறு துளைகளை அடைக்கப் போதும்! எல்லாப் பிசினும் துளைக்குள்ளேயே போய்ச் சேர்வதில்லை, கிண்ணமெங்கும் படிகிறது. ஆனால் துளை முழுவதும் அடைபட வேண்டியதுமில்லை. சுவரில் 0.05 மி.மீ. படலம் படிந்தால் விட்டம் 0.4இலிருந்து 0.3 ஆகிறது, பரப்பு 44 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒரு தலைமயிரின் தடிமன் அளவே உள்ள படலத்துக்கு இவ்வளவு ஆற்றல். முறுக்கினால் ஓடுகிற வண்டி, விட்டால் அணைந்துபோவதன் மருமம் இதுதான். முறுக்கும்போது வேலை செய்வது பெரிய ஜெட். அதன் துளை இதைவிட அகலமானது.

இந்தக் கணக்கை ஒரு கையேடும் தருவதில்லை என்பது என் முதன்மையான குறை. "நீண்ட நாள் நிறுத்துவதாயின் பெட்ரோல் திருகை மூடி, கார்புரேட்டரை வடித்துவிடுக" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். மிக நல்ல வரி. ஏன் என்று சொல்லாததால் படிப்பவர் தொட்டியை வடிப்பதுதான் பெரிய வேலை, இது சில்லறை வேலை என்று எண்ணி விட்டுவிடுகிறார். நிலைமை நேர்மாறானது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், செய்ய வேண்டியது திருகை மூடிக் கிண்ணத்தை வடிப்பதே.

குளிர்நாட்டு அறிவுரை

கையேடுகளில் காணும் மற்றோர் அறிவுரை, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி நிறுத்துக என்பது. இதற்குப் பின்னால் ஒரு காலமும் ஒரு தட்பவெப்பமும் இருக்கின்றன. பனி பெய்யும் நாடுகளில் மோட்டார் சைக்கிளை இலையுதிர் காலத்தில் நிறுத்தினால் வசந்தத்தில்தான் எடுப்பார்கள். குளிர்ந்த இரும்புத் தொட்டியின் உட்சுவரில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும், துருப்பிடிக்கும். தொட்டியில் காற்றுக்கே இடமில்லாமல் செய்துவிட்டால் இது நேராது. காரணம் சரி, நாடு வேறு.

சமவெளித் தமிழ்நாட்டில் காலையில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பெட்ரோலை விளிம்பு வரை நிரப்பி, வண்டியை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு பாகை வெப்பம் ஏறினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரிகிறது. 20 பாகை ஏறினால் 10 லிட்டருக்கு ஏறத்தாழ 200 மி.லி. விரிவு. அது வழிந்து வண்ணத்தைக் கெடுக்கும். அருகில் நெருப்பு இருந்தால் அதற்கு மேலும் செய்யும். மேலே விரல்கனம் இடம் விட்டு நிரப்பினால் நிரப்புவதில் தவறில்லை.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் "ஆறு மாதம் வரை கெடாது" என்று காண்பதையும் அப்படியே நம்புவதற்கில்லை. வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் வேதிவினையின் வேகம் இரு மடங்காகும் என்பது கரடுமுரடான ஒரு விதி. 10° செ. வெப்பத்தில் கிடக்கும் பெட்ரோலுக்கும் 30° செ. வெப்பத்தில் கிடக்கும் பெட்ரோலுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு. அங்கே ஆறு மாதம் என்றால் இங்கே ஒன்றரை மாதம் என்று மதிப்பிடத் தோன்றுகிறது. தடுப்பான்கள் தீரும் வரை வினை மிக மெதுவாக நடக்கும் என்பதால் இது இன்னும் நீளலாம். எப்படியிருந்தாலும் நிழலில் நிறுத்துவது, விலை கொடுத்து வாங்கும் மருந்துகள் பலவற்றைவிட மேலானது. எந்தக் கையேடும் நிழலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லிக் காணோம். நிழலை விற்க முடியாதல்லவா?

எத்தனாலும் நீரும்

2022இல் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம் என நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு உயர்ந்தது. அதோடு ஒரு புதிய அச்சமும் பரவியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்; நூறு நாள் நின்ற வண்டியின் தொட்டியில் பாதி தண்ணீராக இருக்கும் என்ற அளவுக்குப் பேசுகிறார்கள். எத்தனால் நீரை ஈர்ப்பது மெய். ஆனால் ஈர்ப்பதற்கு நீர் வந்து சேர வேண்டுமே!

10 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் பெட்ரோல், 8 லிட்டர் காற்று. 30° செ. வெப்பத்தில் ஈரத்தால் முழுவதும் நிறைந்த காற்றிலும் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவிதான் உண்டு. 8 லிட்டருக்கு அது கால் கிராம்கூட இல்லை. சரி, பகலில் தொட்டிக் காற்று விரிந்து வெளியேறி, இரவில் புதுக்காற்று உள்ளே வருகிறது. பத்துப் பாகை ஏற்ற இறக்கத்தில் காற்றின் விரிவு நூற்றுக்கு மூன்றுதான். பெட்ரோல் ஆவியின் அழுத்தமும் இரவு பகலாக மாறுவதால் உண்மையில் மூச்சு இதைவிடப் பெரியது. தாராளமாக நாளுக்கு ஒன்றேகால் லிட்டர் என்று வைப்போம். அதில் வரும் நீர் 0.04 கிராம். நூறு நாளில் 4 கிராம். வெளிக்காற்று எந்நேரமும் ஈரத்தால் நிறைந்திருப்பதாகவும், வந்த நீர் ஒரு துளியும் திரும்பிப் போகாததாகவும் கொண்டு போட்ட கணக்கு இது.

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 15° செ. வெப்பத்தில் ஏறத்தாழ 0.5 சதவீத நீரைத் தன்னுள் கரைத்துவைத்துக்கொள்ளும். 2 லிட்டருக்கு 10 கிராம். 20 சதவீதக் கலவை இதைவிடக் கூடுதலாகவே தாங்கும். ஆகவே மூடிய தொட்டியில் காற்றின் ஈரம் மட்டும் வந்து பெட்ரோலைப் பிரித்துவிடும் என்பது சில மாதக் கணக்குக்குப் பொருந்தாது.

ஆனால் நீர் வேறு வழியில் வரும். தொட்டி மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிந்து போகச் சிறு துளை ஒன்று பல வண்டிகளில் உண்டு. மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் நீர் அங்கே தேங்கும். மூடியின் இரப்பர் வளையம் விறைத்துப் போயிருந்தால் உள்ளே கசியும். வடகிழக்குப் பருவமழையில் வாசலில் நிற்கும் வண்டிக்கு ஒரே இரவில் 10 கிராம் நீர் சேர்வது பெரிய செய்தியன்று. எல்லை மீறியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே முதலில் போய்ச் சேர்வது பெட்ரோல் அன்று, நீர் கலந்த சாராயம். கார்புரேட்டர்க் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்து பட்டறைக்காரர் வியப்பதும் இதனால்தான்; துத்தநாகக் கலவையை அது அரித்திருக்கிறது. குளிர்ந்தால் தாங்கும் எல்லை இறங்கும். மேட்டுப்பாளையத்தில் தெளிவாக இருந்த பெட்ரோல், உதகையின் இரவில் கலங்கிப் பிரியக்கூடும்.

பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்கலாம் என்போர் உண்டு. குலுக்கினால் சற்று நேரம் பாலாகத் தெரியும், மீண்டும் பிரியும். நீர் நீக்கி என்னும் பெயரில் விற்கப்படும் புட்டிகள் பலவற்றில் இருப்பதும் ஒருவகைச் சாராயமே. எத்தனால் இல்லாத பழைய காலப் பெட்ரோலில் அடியில் நின்ற சொட்டு நீரைக் கரைத்துச் செல்ல அது உதவியது. ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு சாராயம் உள்ள பெட்ரோலுக்கு மேலும் ஒரு மூடி ஊற்றுவதால் ஆகப்போவது சிறிது.

தவிர்க்க வேண்டியவை

அந்துருண்டையைப் பொடித்துப் போடுக என்னும் குறிப்பு இன்னும் உலவுகிறது. நாப்தலீன் பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. பெட்ரோல் ஆவியானதும் படிகமாகத் திரும்பி வரும் என்பதும் உண்மை. எங்கே வரும் என்பதைக் கிண்ணத்தின் கணக்கைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கடையில் கிடைக்கும் உருண்டைகளுள் சில நாப்தலீனே அல்ல. குளோரின் கலந்த வேறொரு சேர்மம். அது எரிந்தால் உண்டாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மண்ணெண்ணெய் சேர்க்கச் சொல்வோருக்கு: இலேசானவை போய்விட்டதுதான் நோய் என்றால், கனமானதைச் சேர்ப்பது எவ்வகை மருத்துவம்?

இவையெல்லாம் வண்டிக்கு வரும் கேடு. மனிதருக்கு வரும் கேட்டைப் பற்றிய மௌனத்தைத்தான் பொறுக்க இயலவில்லை. குழாயைத் தொட்டியில் விட்டு வாயால் உறிஞ்சி வடிக்கும் காட்சிகளை எவ்விதக் கூச்சமும் இன்றிக் காட்டுகிறார்கள். பெட்ரோல் நீரைவிட மெலிந்து ஓடும் திரவம். அதன் பரப்பு இழுவிசையும் குறைவு. உறிஞ்சும்போது புரையேறி ஒரு வாய்கூட வேண்டாம், சிறிதளவு மூச்சுக்குழலுக்குள் போனாலும் நுரையீரலின் பரப்பெங்கும் விரைந்து படர்ந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைப்பது இதனால்தான் கூடாது; வரும் வழியில் மீண்டும் நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பட்டறைகளில் இந்த வேலை பெரும்பாலும் வயதில் மிகச் சிறிய பையன் தலையில் விழுகிறது. சில ரூபாய்க்குக் கையால் அமுக்கும் இரப்பர்க் குமிழ்க் குழாய் கிடைக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே இல்லை. தொட்டிக்குள் மின்பம்பும், எஞ்சின் வாயிலில் பீச்சியும் இருக்கின்றன. அங்கே பெட்ரோல் மூடிய குழாயில் அடைபட்டிருப்பதால் உப்பளம் ஏற்படுவதில்லை. இது பெரிய நன்மை. மூடத் திருகும் இல்லை, வடிக்கக் கிண்ணமும் இல்லை. பழைய அறிவுரையை மனப்பாடமாக வைத்திருப்பவர் இங்கே திகைத்து நிற்பார். பிரிந்த நீரடுக்கு தொட்டியின் அடியில் உள்ள பம்பை நேரே தாக்கும் என்பதால், இவ்வண்டிகளில் கவனம் கிண்ணத்திலிருந்து தொட்டி மூடிக்கு மாற வேண்டும். புதிய கையேடுகள் சில, பழைய பக்கத்திலிருந்து கார்புரேட்டர் என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு அச்சிட்டாற்போல் இருக்கின்றன.

பெட்ரோல் கெட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பெட்ரோல் நிலையத்தில் கலப்படம் பார்க்க வாடிக்கையாளர் கேட்கக்கூடிய வடிதாள் சோதனைதான் அது. நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு துளியை வடிதாளில் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால், நல்லது தடமின்றி மறையும். பிசின் கொண்டது கறை விடும். கண்ணாடிப் புட்டியில் சிறிது எடுத்து அசையாமல் வைத்தால் அடுக்கு பிரிந்திருப்பது தெரியும். தெளிவாக, கறையின்றி இருப்பதை, நாள்தோறும் ஓடும் வண்டியில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு புதியது சேர்த்து ஓட்டித் தீர்க்கலாம். வார்னிஷ் நாற்றம் வீசுவதையும், நிறம் கறுத்ததையும், பிரிந்ததையும் எஞ்சினுக்குக் கொடுக்கலாகாது.

அப்படி ஒதுக்கியதை என்ன செய்வது? "வடித்துவிடுக" என்று எழுதும் எவரும் இதைச் சொல்வதில்லை. சொல்லாததால் அது சாக்கடைக்குப் போகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, மூடிய சாக்கடையில் நெடுந்தொலைவு செல்லும். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயில் கசிந்து சாக்கடையில் சேர்ந்த பெட்ரோல் வெடித்துத் தெருக்கள் பிளந்தன. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கசிந்தது பெருமளவு. நாம் ஊற்றுவது ஒரு லிட்டர். ஆனால் மூடிய சாக்கடைத் தொட்டி ஒன்றின் காற்றை எரியும் கலவையாக்கக் காற்றில் ஒன்றரை சதவீத ஆவி போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லிட்டர். அது பதின்மூன்றாயிரம் லிட்டர் காற்றைப் பற்றவைக்கும் நிலைக்குக் கொண்டுவரும். கிணற்றங்கரையில் ஊற்றினால் குடிநீரில் பென்சீன் சேரும். இறுக மூடும் உலோகக் கலத்தில், மேலே சிறிது இடம் விட்டு, மேலே என்ன இருக்கிறதென்று எழுதி ஒட்டி, கழிவு எண்ணெயைத் தனித்தனியாகச் சேர்த்து அனுப்பும் பணிமனை ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அத்தகைய பணிமனை எல்லா ஊரிலும் இல்லை. வண்டி விற்கும் ஒவ்வொரு கடையிலும் இதற்கென ஒரு பீப்பாய் வைப்பது பெரிய செலவன்று. கையேட்டில் அந்த முகவரிக்கு ஒரு வரி ஒதுக்குவது செலவே அன்று.